மாத்திரையைக் கடுகு டப்பாவில் ஒளித்து வைத்தவள் எழுதுகிறேன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் மருத்துவப் பகுதியில் மஞ்சள் காமாலை பற்றி வந்த கட்டுரையை முழுவதும் படித்தேன். கெட்ட தண்ணீரால் வரும் காமாலையைப் பற்றி விளக்கமாகவே எழுதியிருந்தார்கள். ரத்தத்தால் பரவும் கல்லீரல் கிருமி நோயான ஹெபடைட்டிஸ் பி என்ற இடம் வந்தபோது மட்டும், நீண்ட காலம் சாப்பிட வேண்டிய மாத்திரை உண்டு என்ற ஒரே வரியோடு கட்டுரை வேறு பக்கம் திரும்பிவிட்டது. அந்த மாத்திரையை ஒன்பது ஆண்டுகளாகச் சாப்பிட்டு வருகிறவள் நான். நடுவில் நான்கு மாதம் நிறுத்தினேன்; பிழைத்தது பெரிய காரியம். மருந்து ஒத்துக்கொள்ளாமல் நிறுத்தவில்லை, காசு இல்லாமலும் நிறுத்தவில்லை. வெட்கப்பட்டு நிறுத்தினேன். அதைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன்.

நான் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவள். இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தப்படி இலங்கை மலையகத்திலிருந்து கப்பலேறி, மண்டபம் முகாமில் காத்திருந்து, பிறகு நீலகிரிக்கு அனுப்பப்பட்ட குடும்பம் எங்களுடையது. தையல் தொழில் செய்கிறேன். குளிர் தொடங்கிவிட்டால் ஸ்வெட்டரும் குல்லாவும் பின்னிக் கொடுப்பேன்.

2012இல் இரண்டாவது பிரசவத்துக்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில்தான் எனக்கு ஹெபடைட்டிஸ் பி இருப்பது தெரிந்தது. உடம்பில் ஒரு குறையும் இல்லை. கண் மஞ்சளிக்கவில்லை, பசி குறையவில்லை. பையன் பிறந்த அன்றே, பன்னிரண்டு மணி நேரத்துக்குள், ஒரு தொடையில் தடுப்பூசியும் மறு தொடையில் நோய் எதிர்ப்புப் புரத ஊசியும் போட்டார்கள். அவனுக்கு நோய் வரவில்லை. மூத்த மகள் 2004இல் பிறந்தபோது என்னை யாரும் சோதிக்கவில்லை. அவளுக்கும் வராமல் போனது எங்கள் நல்ல காலம். பிறகு என் அண்ணனை வற்புறுத்திச் சோதனைக்கு அழைத்துப் போனேன். அவருக்கு இருந்தது. பிறந்த ஓராண்டுக்குள் இந்தக் கிருமி உடம்பில் ஏறினால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது வாழ்நாள் முழுவதும் தங்கிவிடுமாம். வளர்ந்த பிறகு தொற்றினால் நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவாகத்தான் தங்குமாம். அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒருசேர இருப்பதால் அம்மாவிடமிருந்து வந்திருக்கக்கூடும் என்று டாக்டர் சொன்னார்.

அம்மா 1996இல் இறந்தார். கொழுந்துக் கூடையை முதுகில் மாட்டினால் வயிறு இடிக்கிறது என்று சொல்லிக்கொண்டே ஒரு மாதம் வேலைக்குப் போனார். காலெல்லாம் மெலிந்து வயிறு மட்டும் பானை போல் வீங்கியது. மகோதரம் என்றார்கள். கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி அரைத்து மோரில் கலக்கிக் காலையில் கொடுத்தோம். எண்ணெய் இல்லை, காரம் இல்லை, உப்புகூட அரை உப்புதான். நாற்பத்திரண்டு நாள் பத்தியம். அம்மாவுக்கு என்ன நோய் என்று எந்த ரத்தப் பரிசோதனையும் சொல்லவில்லை, எடுத்தால்தானே சொல்லும்.

கீழாநெல்லியை நான் பழிக்கவில்லை. சென்னை ஆய்வாளர்கள் ஹெபடைட்டிஸ் பி கிருமியைச் சுமந்தவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடி கொடுத்துப் பார்த்து, 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது என்று 1988இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். நம் ஊர்ச் செடி உலகத்தின் கண்ணில் பட்ட நேரம் அது. ஆனால் பிறகு வேறு இடங்களில் செய்து பார்த்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. தண்ணீரால் வரும் காமாலை பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும். அந்த நேரத்தில் யார் எதைக் கொடுத்திருந்தாலும் பெயர் அந்த மருந்துக்குப் போய்விடும். ரத்தத்தால் வரும் காமாலைக் கிருமி உடம்பில் தங்கிவிட்டால் அப்படி இறங்கிவிடுவதில்லை. இரண்டையும் நம் வீடுகளில் ஒரே பெயரில் அழைக்கிறோம். என் அம்மா அந்த ஒரே பெயருக்குள் போய்விட்டார்.

2016இல் என் கல்லீரல் சோதனை எண்கள் ஏறத் தொடங்கின. ரத்தத்தில் கிருமியின் அளவும் கூடியிருந்தது. இனி மாத்திரை வேண்டும் என்றார் டாக்டர். அதற்கு முன் ஹெச்.ஐ.வி. சோதனை ஒன்று எடுக்க வேண்டும் என்றார். நான் அங்கேயே அழுதுவிட்டேன். என்னைப் பார்த்தால் அப்படியா தெரிகிறது என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. இந்த மாத்திரை இரண்டு கிருமிக்கும் கொடுப்பது. ஹெச்.ஐ.வி. இருப்பது தெரியாமல் இதை மட்டும் தனியாகக் கொடுத்தால், அந்தக் கிருமி மருந்துக்குப் பழகிக்கொண்டு பிறகு அடங்காது, அதனால்தான் யாராக இருந்தாலும் கேட்கிறேன் என்றார். சோதனையில் இல்லை என்று வந்தது. அந்தக் காகிதத்தை லேமினேட் செய்யாத குறையாகப் பத்திரப்படுத்தினேன். பின்னால் அதை வைத்து நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன்.

மாத்திரையின் பெயர் டெனோபோவிர். 300 மில்லிகிராம், நாளுக்கு ஒன்று. அது எப்படி வேலை செய்கிறது என்று அங்கிருந்த நர்ஸ் சிஸ்டர் சொன்ன விளக்கம் எனக்கு இன்றும் மறக்கவில்லை. என் கையில் பாதி பின்னிய குல்லா இருந்தது. அதைக் காட்டியே சொன்னார். இரண்டு கிருமிகளும் தம்மைப் பெருக்கிக்கொள்ள, ஒரு வரியைப் பார்த்து இன்னொரு வரியைப் பின்னுகின்றன. இந்த மருந்து, பார்ப்பதற்கு மற்றக் கண்ணிகளைப் போலவே இருக்கும் ஒரு கண்ணி. கிருமி ஏமாந்து அதையும் எடுத்துப் பின்னிவிடும். ஆனால் அடுத்த கண்ணியை மாட்ட அதில் வளையம் இல்லை. பின்னல் அங்கேயே நின்றுவிடும். இத்தனை ஆண்டு ஊசி பிடித்தவளுக்கு இதைவிட எப்படிப் புரிய வைப்பது? நான் ஒரு கேள்வி கேட்டேன்: அப்படியானால் கிருமி செத்துவிடுமா? சாகாது என்றார். ஹெபடைட்டிஸ் பி கிருமி தன் மூல மாதிரியைக் கல்லீரல் செல்லின் உட்கருவுக்குள் ஒளித்து வைத்திருக்கிறது. மாத்திரை பின்னலை நிறுத்துமே தவிர மாதிரியை அழிக்காது. மாத்திரையை நிறுத்தினால் பின்னல் மறுபடி தொடங்கும். ஆகவே நீங்களாக நிறுத்தாதீர்கள் என்றார். இவ்வளவு தெளிவாகச் சொல்லியும் நான் நிறுத்தினேன்.

நடந்தது இதுதான். முப்பது மாத்திரை அடங்கிய வெள்ளை பிளாஸ்டிக் டப்பாவோடு மடித்து மடித்து வைத்த ஒரு மெல்லிய காகிதம் வரும். விரித்தால் கைக்குட்டை அளவைத் தாண்டும். முழுக்க ஆங்கிலம், எறும்பு ஊர்வது போன்ற எழுத்து. எதற்கான மருந்து என்ற இடத்தில் முதலில் இருப்பது ஹெச்.ஐ.வி. ஹெபடைட்டிஸ் பி அதற்கு அடுத்தபடிதான். 2018 மழையில், ஆறு வயதுப் பையன் அந்தக் காகிதத்தை எடுத்துக் கப்பல் செய்து வாசல் வாய்க்காலில் விட்டான். நான்கு வீடு தள்ளி அது கரை ஒதுங்கியது. அந்த வீட்டில் திருப்பூரில் வேலை பார்த்துவிட்டு வந்த பெண், ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவள். மறுநாள் குழாயடியில் என் குடத்துக்கு இரண்டு பக்கமும் இடம் விட்டு நின்றார்கள்.

ரவிக்கைக்குக் கொடுத்திருந்த துணியை வெட்டாமலேயே ஒரு அக்கா திரும்ப வாங்கிப் போனார். ஊசி குத்தி ரத்தம் பட்டிருந்தால் என்ற பயம். அந்தப் பயத்தை நான் முழுவதும் குறை சொல்ல மாட்டேன். இந்த நோய் ரத்தத்தால் பரவும் என்பது உண்மை, உலர்ந்த ரத்தத்தில்கூட இந்தக் கிருமி ஏழு நாள் உயிரோடு இருக்கும் என்பதும் உண்மை. அதனால்தான் என் ஊசி, என் பிளேடு, என் நகவெட்டி எதையும் வீட்டில்கூட வேறு யாரும் தொட விடுவதில்லை. விரலில் குத்திவிட்டால் அந்தத் துணியை அலசிக் கொதிநீரில் போட்ட பிறகுதான் மறு வேலை. ஆனால் ஒரே தட்டில் சாப்பிடுவதால், தொடுவதால், ஒரே குழாயில் தண்ணீர் பிடிப்பதால் இது வராது. என் கணவர் என்னோடு இருபது ஆண்டுக்கு மேல் வாழ்கிறார். சோதனை செய்து, மூன்று தவணைத் தடுப்பூசி போட்டுக்கொண்டார். அவருக்கு ஒன்றுமில்லை.

அப்போது இதையெல்லாம் நான் சொல்லவில்லை. நான் செய்தது வேறு. 2016இல் எடுத்த அந்தச் சோதனைக் காகிதத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். பாருங்கள், எனக்கு அந்த அசிங்கமான நோய் இல்லை, எனக்கு இருப்பது கல்லீரல் நோய், நான் ஒழுக்கமானவள் என்று காட்டினேன். சிலர் நம்பினார்கள். மாத்திரையை டப்பாவிலிருந்து எடுத்துக் கடுகு டப்பாவில் கொட்டி வைத்தேன். ஐப்பசி மூடுபனியில் எங்கள் வீட்டில் உப்பே தண்ணீராகிவிடும். அதில் மாத்திரைகள் பூத்துப்போய் நிறம் மாறின. அதன் டப்பாவுக்குள் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம் இருப்பது எதற்காக என்று அப்போது எனக்குத் தெரியாது. இந்தக் கடிதத்தைப் படிக்கும் மலைக்காரர்கள் யாராவது என்னைப் போல் ஒளித்து வைத்திருந்தால், தயவுசெய்து மாத்திரையை அதன் டப்பாவிலேயே வையுங்கள். டப்பாவை வேண்டுமானால் ஒளித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மாதம் மருந்து வாங்கப் போன கடையில், கூட்டத்தின் நடுவே பையன் உரக்கக் கேட்டான்: "அந்த ஹெச்.ஐ.வி. மாத்திரைதானே அக்கா?" அவன் வயதுக்கு அவன் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. ஆனால் நான் வாங்காமலேயே திரும்பி வந்துவிட்டேன். உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான்கு மாதம் ஓடியது. பிறகு ஒரு நாள் காலையில் சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனது. சோறு வெந்த வாசனை வந்தாலே குமட்டியது. ஒரு வாரத்தில் கண் மஞ்சள். கல்லீரல் பாதிப்பைக் காட்டும், நாற்பதுக்குள் இருக்க வேண்டிய எஸ்.ஜி.பி.டி. ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. மேட்டுப்பாளையம் இறங்கிக் கீழே பெரிய மருத்துவமனையில் பத்தொன்பது நாள் கிடந்தேன். நிறுத்துகிற எல்லோருக்கும் இப்படி ஆவதில்லையாம். யாருக்கு ஆகும் என்று நிறுத்துவதற்கு முன் யாராலும் சொல்ல முடியாதாம்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண் இருந்தாள். குன்னூர்ப் பக்கத்துத் தோட்டம். நிமோனியாவுக்காக வந்திருந்தாள். இரவில் எனக்கு வாந்தி வந்தால் ஏனத்தைப் பிடித்தவள் அவள்தான். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, என் கதையை அவளிடம் சொன்னேன். வீடு வீடாகக் காகிதத்தைக் காட்டியதையும், எப்படியாவது என் பெயரைக் காப்பாற்றிக்கொண்டதையும் பெருமையாகத்தான் சொன்னேன். அவள் தலையணைக்கு அடியிலிருந்து தன் மாத்திரையை எடுத்துக் காட்டினாள். மூன்று மருந்துகள் ஒன்றாய்ச் சேர்ந்த மாத்திரை. அந்த மூன்றில் ஒன்று டெனோபோவிர். அவளுக்கு ஹெச்.ஐ.வி. "அக்கா, எனக்கு அது இல்லை, இல்லை என்று நீங்கள் லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு போனால், இருக்கிற நான் எங்கே போவது?" என்று கேட்டாள். சண்டை போடும் குரலில் கேட்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அவள் கணவர் லாரி ஓட்டியவர், 2003இல் இறந்துவிட்டார். அரசு இலவசக் கூட்டு மருந்து தொடங்கியது 2004 ஏப்ரலில். ஓர் ஆண்டு முந்தியிருந்தால் என்று இருபது ஆண்டுகளாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். கல்யாணமான ஒன்றரை ஆண்டில் விதவையானவளை, நோயையும் கொண்டுவந்தாள் என்று வீட்டை விட்டு அனுப்பினார்கள். அசிங்கமான நோய் என்று நான் சொன்ன சொல்லை அவளுடைய மாமியாரும் சொல்லியிருப்பார்.

என் மகள் மருந்தாளுநர் படிப்புப் படிக்கிறாள். இந்த மாத்திரையின் கதையை அவள்தான் எனக்குத் தேடிச் சொன்னாள். செக் நாட்டுப் பிராகா நகரில் அன்டோனின் ஹோலி என்ற வேதியியலாளரும், பெல்ஜியத்தின் லூவன் நகரில் எரிக் டி கிளெர்க் என்ற மருத்துவ ஆய்வாளரும் சேர்ந்து உழைத்துக் கண்டுபிடித்த மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஹெச்.ஐ.வி.க்கு 2001இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. எங்கள் நோய்க்கு 2008இல்தான். ஏழு ஆண்டு அந்த மாத்திரையைச் சாப்பிட்டு, சிறுநீரகம் தாங்குமா எலும்பு தாங்குமா என்று உலகத்துக்குக் காட்டியவர்கள் ஹெச்.ஐ.வி. உள்ளவர்கள். இந்தியாவில் இதற்குக் காப்புரிமை கேட்டபோது, இந்திய மருந்துத் தயாரிப்பாளர்களோடு ஹெச்.ஐ.வி. உள்ளவர்களின் அமைப்புகளும் எதிர்த்து மனுப் போட்டன. 2009இல் காப்புரிமை மறுக்கப்பட்டது. எனக்கு இன்று இந்த மாத்திரை எட்டுகிற விலையில் இருப்பதில் அவர்களுக்குப் பங்கு இருக்கிறது. நான் யாருடைய பெயர் என் மேல் ஒட்டக்கூடாது என்று வாசல் வாசலாக ஓடினேனோ, அவர்கள் போராடி வாங்கித் தந்த மாத்திரையைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அதனால் தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். ஹெபடைட்டிஸ் பி பற்றி எழுதும்போது 'இது எய்ட்ஸ் அல்ல, பயப்பட வேண்டாம்' என்ற வகையில் ஆறுதல் சொல்லாதீர்கள். சொல்கிறவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்த வாக்கியம் ஒருவரைத் தூக்கிவிட இன்னொருவரின் தோளை மிதிக்கிறது. ஹெச்.ஐ.வி. உள்ளவர் ஒழுங்காக மருந்து சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி தென்படாத அளவுக்கு அடங்கிவிட்டால், உடலுறவின் மூலம் அவரிடமிருந்து பிறருக்குப் பரவாது. அதையும் எழுதுங்கள். இரண்டு கிருமியும் ஒரே உடம்பில் இருப்பவர்களும் உண்டு. அவர்கள் ஹெச்.ஐ.வி. மருந்தை விட்டாலோ, டெனோபோவிர் இல்லாத வேறு மருந்துக்கு யோசிக்காமல் மாறினாலோ, எனக்கு நடந்தது அவர்களுக்கும் நடக்கலாம்.

மருந்துக் கடைக்காரர்களுக்கும் மருத்துவமனை மருந்தகத்தில் இருப்பவர்களுக்கும் சொல்ல விரும்புகிறேன். மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள், நோயின் பெயரைக் கூட்டத்தில் சொல்லாதீர்கள். பழுப்புக் காகித உறை ஒன்று போதும். டப்பாவோடு வரும் காகிதத்துக்குப் பதிலாக இல்லாவிட்டாலும் அதனோடு சேர்த்து, தமிழில் நான்கு வரி எழுதி ஒரு சீட்டுக் கொடுக்க முடியாதா? இது இரண்டு நோய்க்கான மருந்து, நீங்களாக நிறுத்தக்கூடாது, ஈரம் படாமல் இந்த டப்பாவிலேயே வைக்க வேண்டும், சிறுநீரகச் சோதனையை விடக்கூடாது. அந்தச் சீட்டு 2018இல் என் வீட்டில் இருந்திருந்தால், அந்தத் திருப்பூர்ப் பெண் அதையும் படித்திருப்பாள்.

முன்பு கடையில் மாதம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கினேன். 2018 ஜூலை 28இல் தேசிய கல்லீரல் அழற்சித் தடுப்புத் திட்டம் தொடங்கிய பிறகு, அதன் சிகிச்சை மையங்களில் சோதனையும் மருந்தும் இலவசம். இன்று எனக்கு அப்படித்தான் கிடைக்கிறது. இது பலருக்குத் தெரியவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2022இல் இந்தியாவில் ஹெபடைட்டிஸ் பி உள்ளவர்கள் 2.98 கோடிப் பேர். பெரும்பாலோருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது, எனக்கு 2012 வரை தெரியாதது போல. இருக்கிற எல்லோருக்கும் மாத்திரை தேவைப்படுவதும் இல்லை. என் அண்ணன் இதுவரை ஒரு மாத்திரைகூடச் சாப்பிடவில்லை; ஆறு மாதத்துக்கு ஒரு முறை சோதனை மட்டும்தான். எங்கள் மாவட்டத்தில், குன்னூரில், 1907 முதல் பாஸ்டர் இன்ஸ்டிடியூட் இருக்கிறது. நாய் கடித்தால் ஊசி போட வேண்டும் என்பது இங்கே சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஹெபடைட்டிஸ் பி காமாலைக்குத் தடுப்பூசி உண்டு, பெரியவர்களும் போட்டுக்கொள்ளலாம் என்பதும் அதுபோல் தெரிய வேண்டும்.

எனக்கு இப்போது உடம்பு நன்றாக இருக்கிறது. ரத்தத்தில் கிருமி தென்படாத அளவில் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் சோதனை பார்க்கிறார்கள், இதுவரை சரியாகவே இருக்கிறது. குளிர் காலத்தில் முழங்கால் வலிக்கிறது. அது மருந்தாலா வயதாலா என்று தெரிய எலும்புச் சோதனைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். குல்லா வேலை மறுபடி வருகிறது. துணியைத் திரும்ப வாங்கிப் போன அக்கா சென்ற தை மாதம் மகள் கல்யாணத்துக்கு ஆறு ரவிக்கை கொடுத்தார். நான் வீடு வீடாகப் போய்க் காட்டிய அந்தக் காகிதத்தைக் கிழித்துவிட்டேன். போன வாசல்களுக்கெல்லாம் மறுபடி ஒருமுறை போனேன். அன்றைக்கு நான் பேசியது தவறு என்று சொல்லத்தான் போனேன். எல்லோரும் கேட்டுக்கொள்ளவில்லை. மூன்று வீட்டில் உட்காரச் சொல்லி டீ கொடுத்தார்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். என் பெயரை வெளியிட வேண்டாம். வெட்கத்தால் கேட்கவில்லை, எங்கள் லயத்தில் எனக்கு என்ன நோய் என்று தெரியாதவர்கள் யாரும் இல்லை. ஆனால் மருந்து வாங்கும் நாளில் நானும் மருத்துவமனையில் பக்கத்துக் கட்டிலில் இருந்த அந்தப் பெண்ணும் ஒன்றாகத்தான் பஸ்ஸில் போகிறோம், ஒன்றாகத்தான் பெஞ்சில் உட்காருகிறோம். என் பெயர் தெரிந்தால் அவள் யார் என்பதும் தெரிந்துவிடும். ஒருவருக்கு ஹெச்.ஐ.வி. இருப்பதை அவர் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது என்று 2018 செப்டம்பர் 10 முதல் சட்டமே இருக்கிறது. இந்தக் கடிதத்தை அனுப்புவதற்கு முன் அவளிடம் படித்துக் காட்டினேன். தோட்டத்தின் பெயரை மட்டும் அடித்துவிடச் சொன்னாள், அடித்துவிட்டேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்